கால் பழகிய கியர்பாக்ஸ்

கார் யாருடையது என்று ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டால் அத்னான் பெயரைச் சொல்லும். பெரம்பலூரில் யாரைக் கேட்டாலும் அஸ்லாம் பெயரைத்தான் சொல்வார்கள். அத்னான், அஸ்லாமின் அக்கா ஹுஸ்னாவின் கணவன், சார்ஜாவில் வேலை. ஒரு விடுமுறையில் ஆசைப்பட்டு அந்தப் பழைய ஜெர்மன் காரை வாங்கினான், வாங்கிய சூட்டோடு விமானம் ஏறிவிட்டான். சாவி மச்சினன் கைக்கு வந்தது. வந்தது வந்ததுதான்.

அஸ்லாமுக்கு வேகம் என்றால் பித்து. முதலில் இன்ஜினின் பலத்தைக் கூட்டினான். அந்தப் பலத்தைத் தாங்க முடியாமல் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கையை விரித்துவிட்டது. அத்னான் சார்ஜாவின் பழைய சாமான் கடைகளில் அலைந்து, இதைவிட முரட்டு வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய கியர்பாக்ஸைப் பிடித்துக் கார்கோவில் அனுப்பினான். அரியலூரில் சிமெண்ட் லாரிப் பட்டறைகளுக்கு நடுவே ஷெட் போட்டிருக்கும் முத்தமிழ் அதைப் பிரித்து, கிளட்ச் தட்டுகளைப் புதிதாகப் போட்டு, எண்ணெய் கொதிக்காமலிருக்கத் தனியாக ஒரு கூலரும் வைத்து மாட்டினான். அத்தனை நாளும் அஸ்லாம் தன் கடையைப் பூட்டிவிட்டு அவன் பக்கத்திலேயே நின்றான். பிரசவ வார்டு வாசலில்கூட எவனும் அப்படி நின்றிருக்கமாட்டான்.

"பாய், இந்தப் பொட்டிக்கு ஒரு மூளை இருக்கு. நீங்க எப்ப மிதிக்கிறீங்க, எப்ப விடுறீங்கன்னு கத்துக்கிட்டு அதுக்குத் தக்கன கியர் மாத்தும். இனிமே ஒங்க காலுதான் இதுக்கு வாத்தியாரு" என்றான் முத்தமிழ்.

அந்த ஒரு வார்த்தை போதாதா? திருச்சி சாலையில் அஸ்லாம் மிதித்தால், அவன் நினைக்குமுன் கியர் விழுந்தது. வண்டி தன்னுடையதாகவே ஆகிவிட்டதென்று அவன் முடிவுகட்டிய நேரத்தில்தான் அத்னான் சார்ஜாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் திரும்பினான்.

அக்கா சிரித்து அன்றுதான் வீடு பார்த்தது. அவளுக்காக அஸ்லாம் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பாவிக்கு வயிறு எரிந்தது. அத்னானின் கைப்பிடிக்குள் சாவி போனதும் இன்னும் எரிந்தது. கொஞ்சம் ஆறுதல் தந்தது அத்னானின் மகள் ருமைசாதான். கைக்குழந்தையிலிருந்து மாமன் தோளில் வளர்ந்தவள். அப்பனை போன் திரையில் மட்டுமே பார்த்திருந்ததால், "போன் அத்தா வந்துருச்சு" என்று ஓடிவந்து மாமன் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தவன் அஸ்லாம்.

முதல் நாள் அத்னான் ஓட்டியபோது வண்டி ஒவ்வொரு கியருக்கும் இடித்தது.

"என்ன மாப்ள, தூக்கிப் போடுது?"

"ஒங்க காலு அதுக்குப் புதுசு மச்சான்" என்றான் அஸ்லாம். முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டான். உள்ளுக்குள் பெருநாள்.

பெருநாள் நீடிக்கவில்லை. அத்னான் பொறுமையாக ஓட்ட ஓட்ட, கியர்பாக்ஸ் அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. கடைவீதியில் வண்டி தண்ணீராய்ப் போனதைப் பார்த்து ஹுஸ்னா பூரித்தாள். "எவ்ளோ அழகா ஓட்டுறாக! மாஷா அல்லாஹ் சொல்லேன்டா, கண்ணு பட்டுரும்" என்றாள். அஸ்லாமுக்கு நாக்கு எழவில்லை. நன்றி கெட்ட இரும்பு என்று மனசுக்குள் திட்டினான்.

அன்றிலிருந்து மதியம் அத்னான் கண்ணயர்ந்ததும் "பெட்ரோல் போட்டுட்டு வரேன்க்கா" என்று வண்டியை எடுப்பான். நாலுவழிச் சாலைக்குப் போய் வெறிபிடித்தாற்போல் மிதிப்பான். காலையில் அத்னான் கற்றுக்கொடுத்ததை மதியம் இவன் கெடுப்பான். இரண்டு வாத்தியாருக்கு நடுவில் அகப்பட்ட கியர்பாக்ஸ் கடைசியில் இரண்டு பேருக்குமே இடிக்க ஆரம்பித்தது. ருமைசாவையும் கூட்டிக்கொண்டு அரியலூர் போனார்கள்.

முத்தமிழ் கருவியைச் செருகிப் பார்த்தான். "பொட்டி நல்லாத்தான் இருக்கு. ரெண்டு பேரு மாத்தி மாத்தி ஓட்டுறீங்களா? பழசெல்லாம் அழிச்சுட்டேன். இப்ப இது பச்சப்புள்ள. வூடு போயி சேர்ற வரைக்கும் ஒரே ஆளு, பதமா ஓட்டணும். யாரு ஓட்டுறீங்க?"

அஸ்லாம் சாவியைப் பார்த்தான். அத்னான் அதை அவனிடமே நீட்டினான்.

"நீயே ஓட்டு மாப்ள. மதியானம் நீ எடுத்துட்டுப் போறது எனக்குத் தெரியும். வண்டிய வச்சுக்க."

"இல்ல மச்சான், நான் வந்து..."

"எனக்கும் ஒன்னையப் பாத்தா வயிறு எரியுதுடா" என்றான் அத்னான். அஸ்லாமின் தோளில் கழுத்தைக் கட்டிக்கொண்டு கிடந்த மகளைப் பார்த்தான். "வண்டிக்காவ இல்ல. ராத்திரி முழிச்சா மாமாங்குறா. நான் தூக்குனா இன்னும் அழுவுறா."

அஸ்லாமால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இத்தனை நாளும் அந்த மனிதன் பறித்துக்கொண்டதையே எண்ணிக்கொண்டிருந்தான். அவனிடமிருந்து தான் எதை வைத்திருக்கிறோம் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

குழந்தையைப் பின் சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டை மாட்டினான். சாவியை அத்னான் கையில் அழுத்தினான்.

"எனக்கு இங்க ஒரு ஜோலி இருக்கு மச்சான். பஸ்ல வந்துர்றேன். நீங்க ஓட்டுங்க."

ஒரு ஜோலியும் இல்லை. "மாமா! மாமா!" என்று ருமைசா கண்ணாடியைத் தட்டி அலறினாள். வண்டி பதமாக நகர்ந்தது. ஒரு இடியாவது இடிக்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். இடிக்கவில்லை.

பெரம்பலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து வீட்டுக்குள் நுழைந்தான். ருமைசா வாயெல்லாம் ஐஸ்கிரீமாக அத்னான் மடியில் உட்கார்ந்திருந்தாள். மாமனைப் பார்த்தும் இறங்கவில்லை.

"மாமா, அத்தா எனக்கு ஐஸ் வாங்கிக் குடுத்துச்சே!"

போன் அத்தா இல்லை. வெறும் அத்தா.

அஸ்லாமுக்கு வயிறு எரிந்த எரிச்சலில் கண்ணே கலங்கிவிட்டது. அன்று கடைவீதியில் எழாத நாக்கை இன்று கஷ்டப்பட்டு எழுப்பினான்.

"மாஷா அல்லாஹ்" என்றான்.