உடையாத முன்னச்சு

எந்தக் குறையும் இல்லாத முன்னச்சின் முதல் நட்டைத் தாலாய் கழற்றத் தொடங்கியபோது விடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நட்டு அசைய மறுத்தது. ஏப்ரல் மாதத்தில் அவனே ஸ்பானரின் வாலில் நீளக் குழாயை மாட்டி, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு முறுக்கிய நட்டு அது. அன்றைக்கு அவ்வளவு இறுக்கியதில் அவனுக்கு ஒரு பெருமை இருந்தது. இப்போது சிமெண்டுத் தரையில் மல்லாந்து கிடந்து, அதே குழாயை மாட்டி எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தான். பயந்து பயந்து இழுத்ததால் கை இரண்டு முறை வழுக்கி, விரல் முட்டி உரிந்துபோனது.

ஷெட்டின் கதவருகே அவன் மனைவி சைராகுல் தேநீர்க் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"என்ன பண்றீங்க?"

"அண்ணன் எட்டு மணிக்கு வராரு."

"அது எனக்கும் தெரியும். வண்டிய என்ன பண்றீங்கன்னு கேட்டேன்."

தாலாய் குழாயை இழுத்தான். நட்டு ஒரு கிறீச்சலோடு கால் சுற்று திரும்பியது.

"புதன்கிழமை இந்த வண்டியக் கழுவத்தானே என்னையும் உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனீங்க? அப்ப அச்சு இருந்துச்சே."

"சத்தம் போடாத, சைராகுல்."

"நான் எங்க போட்டேன். உங்க நட்டுதான் ஊரைக் கூட்டுது."

அவள் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

தாலாய் மலையடிவாரத்துக் கராகோல் நகரத்தில் வீடுகளுக்கு ஜன்னல் சட்டம் பொருத்துகிறவன். வயது நாற்பத்திரண்டு. இந்தக் கறுப்புப் பஜேரோவை அவன் வாங்கியபோது அது மற்ற பஜேரோக்களைப் போலத்தான் இருந்தது. மூன்று குளிர்காலம் செலவழித்து அதை உயர உயர வளர்த்தான். பிள்ளையை வளர்த்தான் என்று சொன்னாலும் பொய்யில்லை. பின்பக்கம் நீள ஸ்பிரிங், உடம்புக்கும் சட்டத்துக்கும் நடுவே கடைந்து வைத்த கட்டைகள், நீட்டிய பிரேக் குழாய்கள், முன்னால் சேற்றில் சிக்கினால் இழுத்துக்கொள்ள வின்ச், ஆற்றில் இறங்கினாலும் எஞ்சின் மூச்சு முட்டாதபடி கூரை வரைக்கும் ஏறிய காற்றுக்குழாய். பாறையில் இடிக்கும் என்று பக்கவாட்டுப் படிகளைக் கழற்றிப் போட்டான். சக்கரம் உரசாமல் இருக்க மட்கார்டை வெட்டினான். கடைசியாக, பன்னிரண்டு நாளைக்கு முன்னால், முப்பத்தைந்து அங்குல டயர்கள் நான்கும் வந்து சேர்ந்தன. புது டயர் முழுக்க மெல்லிய ரப்பர் முட்கள் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். ஒரு முள்கூடத் தேயாத அந்தச் சக்கரங்களைச் சுற்றிச் சுற்றி வந்து, கையால் தடவித் தடவிப் பார்த்தான். மலையேறும் வண்டிக்காரர்கள் சங்கத்தில் அவனைத் தலைவா என்று கூப்பிட்டார்கள். போன வெள்ளிக்கிழமை காலை ஒன்பது வண்டிகள் அவன் பின்னால் மேற்குக் கணவாய்க்குக் கிளம்புவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணன் ஜுமாதிலிடமிருந்து போன் வந்தது. மேய்ச்சல் மலையில் சிக்னல் கிடைக்கிற ஒரே மேட்டில் ஏறி நின்று பேசினார். மழைச் சத்தம் கேட்டது. அண்ணி ஆய்சால்கினுக்கு மத்தியானத்திலிருந்து வயிற்று வலி, நிமிர முடியவில்லை, கொஞ்சம் வந்து கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று கேட்டார். அண்ணன் எதையும் கேட்டு வாங்குகிற ஆள் இல்லை. கொஞ்சம் என்ற சொல்லை இரண்டு முறை போட்டார்.

தாலாயின் மனதில் அந்த நொடி ஓடியதெல்லாம் வரிசையாக இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதுதான் பெரிய தண்டனை. மலைக் குதிரைப்பால் குடித்தால் யாருக்குத்தான் வயிறு வலிக்காது. மேலே போய்த் திரும்ப நாளை மத்தியானம் ஆகிவிடும், ஒன்பது வண்டியும் வேறொருவன் பின்னால் போய்விடும். பள்ளத்தாக்கில் உடைந்த கல், புது டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். இத்தனையும் மூளைக்குள் முடிவதற்குள் நாக்கு முந்திக்கொண்டது.

"அண்ணே, முன் ஆக்ஸில் உடைஞ்சு போச்சுண்ணே. பிரிச்சுப் போட்டுட்டேன்."

உயர்த்திய வண்டிக்கு முன் ஆக்ஸில் உடைவது சாதாரணம். அதனால் அது நல்ல பொய். அண்ணன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "சரி விடு, பாத்துக்கறேன். வண்டிக்கு அடியில படுக்கும்போது ஜாக்குக்குக் கட்டை வச்சுக்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, தாலாய் வண்டியில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டிருந்தபோது, மறுபடி போன். ஆஸ்பத்திரியிலிருந்து. அண்ணன் அண்ணியைத் தன் முதுகோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு, மழையில் குதிரை மேல் மலையிலிருந்து இறக்கியிருக்கிறார். விடியும் நேரம் மலையடிவாரப் பாலத்தடிக்கு வந்து, அங்கே வனக்காவலரின் பழைய ஜீப் கிடைத்திருக்கிறது. குடல்வால் வெடித்து வயிறெல்லாம் சீழ். அறுத்துக் கழுவித் தைத்தார்கள். பிழைத்துவிட்டாள்.

தாலாய் கூடாரத்தை இறக்கினான். வண்டியை ஷெட்டுக்குள் விட்டுத் தார்ப்பாய் போர்த்தினான். மினி பஸ்ஸில் நின்றுகொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனான். உடைந்த வண்டிக்காரன் வேறு எப்படிப் போவான்? நான்கு நாளும் அப்படித்தான் போய் வந்தான். நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன், "இங்க சும்மா உக்காந்து உக்காந்து கை மரத்துப் போச்சுடா. காலையில வரேன், அந்த ஆக்ஸிலை மாட்டிடலாம்" என்றார். வேண்டாம் என்று தாலாய் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தான். உதவியை மறுப்பது மரியாதைக்காக என்று அண்ணன் நினைத்துக்கொண்டார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் முதலில் சோறு வடிக்க வேண்டும். தாலாய் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். அச்சுப் பெட்டியின் எண்ணெயை வடித்தான். இடப்பக்கச் சக்கரத்தைக் கழற்றினான். நல்ல ஆக்ஸிலை உருவித் துணியில் சுற்றிப் பலகை மேல் வைத்தான். போன குளிர்காலத்தில் நிஜமாகவே உடைந்த பழைய ஆக்ஸில் ஒன்று மூலையில் கிடந்தது. உடைந்த முனையில் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் பூசி, கண்ணில் படுகிற இடத்தில் வைத்தான். தன் கை இவ்வளவு கவனமாக வேலை செய்வதைப் பார்க்க அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

அண்ணன் எட்டு மணிக்கு முன்பே வந்துவிட்டார். இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டியவர். ஆஸ்பத்திரிப் பெஞ்சில் நான்கு இரவு தூங்கிய முகம். தேநீர் குடித்தார், ரொட்டியைப் பிய்த்துத் தின்றார், சட்டைக் கையை மடித்துவிட்டு வண்டிக்கு அடியில் போனார்.

உள்ளே டிக், டிக் என்று ஒரு சத்தம். வடித்த எண்ணெய்க்காக வைத்த எனாமல் தட்டில், அச்சுப் பெட்டியிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. துருவை மறைக்கத் தெரிந்தவனுக்கு எண்ணெய் ஞாபகம் வரவில்லை.

அண்ணன் அந்தச் சொட்டை ஏழெட்டு முறை விழும் வரைக்கும் பார்த்தார். பிறகு வெளியே வந்து உடைந்த ஆக்ஸிலை எடுத்து, கட்டைவிரலால் கிரீஸைத் துடைத்தார். முறிவின் மடிப்புக்குள் துருவின் பழுப்பு தெரிந்தது. விரலைக் காற்சட்டையில் தேய்த்துக்கொண்டார்.

"மாட்டறதுக்கு வேற எங்க?"

தாலாய் துணி மூட்டையைப் பிரித்துக் கொடுத்தான்.

"ஏற்கெனவே ஓட்டினதுதான்ணே. ஒருத்தன்கிட்ட கெடைச்சுது."

"நல்லா இருக்கு" என்றார் அண்ணன். "நல்லாவே இருக்கு."

பிறகு வேலை மட்டும்தான் நடந்தது. அண்ணன் ஒரு வாஷரைக்கூட அலட்சியமாகப் போடவில்லை. தம்பி காலையில் அவசரத்தில் கீறிவிட்ட ரப்பர் உறையைப் பார்த்து, உச்சுக்கொட்டிவிட்டு, அதை மாற்றச் சொன்னார். ஒவ்வொரு நட்டையும் அண்ணன் முறுக்க, தாலாய் கீழிருந்து பிடித்துக்கொண்டான். அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது. எப்போது சொல்லப்போகிறார் என்ற ஒன்றுதான் மிச்சம். நடு நெஞ்சில் ஜாக் வைத்து ஏற்றிய மாதிரி இருந்தது. வண்டிக்குள் கண்ணாடியில் ஒரு குதிரைச் சாட்டை தொங்கிக்கொண்டிருந்தது. மார்ச்சில் உயர்த்திய வண்டியை முதல் தடவை பார்க்க வந்தபோது, புதுசை முதலில் பார்க்கிறவன் வெறுங்கையோடு போகக் கூடாதே என்று அண்ணன் கொடுத்தது. அதை எடுத்து அண்ணன் தன்னை இரண்டு போட்டால் நன்றாக இருக்கும். அண்ணன் வாழ்நாளில் அவனை அடித்ததில்லை.

சாட்டை கொடுத்த அன்றைக்கு அண்ணியும் வந்திருந்தாள். வழி வெள்ளையாகட்டும் என்று வாழ்த்தி, கிண்ணத்துப் பாலை நாலு சக்கரத்திலும் ஊற்றினாள். பிறகு ஏறிப் பார்க்க ஆசைப்பட்டாள். முழங்காலைத் தூக்கினாள், எட்டவில்லை. "கன்னுச் சவாரிக்காரரே, உங்க வண்டியில ஏறுறதுக்குக் கோழிக்கூட்டு ஏணி கொண்டாரணும் போல" என்று சிரித்தாள். வாழ்க்கைப்பட்டு வந்தவள் புருஷன் வீட்டு ஆண்களின் பெயரை வாயால் சொல்லக் கூடாது, சின்னப் பையனானாலும் பட்டப்பெயர்தான். அவள் மணமாகி வந்தபோது தாலாய்க்கு எட்டு வயது. கன்றுக்குட்டி மேல் ஏறி வந்து அவளெதிரில் சாணத்தில் விழுந்தான். அன்றிலிருந்து கன்னுச் சவாரிக்காரர். சங்கத்துத் தலைவனை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆள் அவள்தான்.

மத்தியானம் சக்கரத்தை மாட்டி இறக்கினார்கள். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தார். தாலாயால் அதற்கு மேல் முடியவில்லை.

"அண்ணே. அன்னிக்கிப் போன்ல நான்..."

"நாலஞ்சு நாளாப் பிரிஞ்சு கெடந்த பெட்டியில எண்ணெய் சொட்டுமாடா?" அண்ணனின் குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. "நான் லாரிக்காரன்."

தாலாய் தலையைக் குனிந்துகொண்டான்.

"அண்ணிகிட்ட சொல்லிடறேன். இன்னிக்கே போய், கால்ல விழுந்து..."

"சொல்லக் கூடாது."

அண்ணன் புது டயரின் ரப்பர் முள் ஒன்றை விரலால் நெருடினார்.

"ராத்திரி பூரா என் முதுகுல சாஞ்சுகிட்டு ஒண்ணே ஒண்ணுதான் முனகிட்டு வந்தா. பாவம், கன்னுச் சவாரிக்காரரோட வண்டி ஒடைஞ்சு போச்சே, இல்லேன்னா இந்நேரம் பறந்து வந்திருப்பாரேன்னு. குதிரை ஒவ்வொரு தடவை வழுக்கும்போதும் அதையே சொன்னா. அதைச் சொல்லிச் சொல்லித்தான் தாங்கினா. இப்ப நீ போய் உன் மனசு ஆறணும்னு அதை அவகிட்டேருந்து பிடுங்காத."

"அப்ப நான் என்னண்ணே பண்றது?"

"மனசுலயே வச்சுக்க" என்றார் அண்ணன். எழுந்து, கழற்றிய சாமான்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார்.

அடுத்த திங்கட்கிழமை அண்ணியை வீட்டுக்கு அனுப்பினார்கள். வண்டி சரியாகிவிட்ட பிறகு மினி பஸ்ஸுக்கு என்ன வேலை என்று அண்ணி பிடிவாதமாகச் சொல்லிவிட்டாளாம். ஆஸ்பத்திரி முற்றத்தில் முந்தின நாள் மழையின் சேறு. கறுப்பு வண்டி வாசலில் வந்து நின்றதும், சிகரெட்டைப் பற்றவைக்காமல் கையில் வைத்திருந்த காவலாளி முதல் மருந்து வாங்க நின்றவர்கள் வரை திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் டயர் எத்தனை அங்குலம் என்று கேட்டான். அது தாலாயின் காதில் விழவில்லை.

அண்ணி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தாள். பாதியாகிவிட்டிருந்தாள். மென்தோல் காலணிக்கு மேல் போட்ட ரப்பர் செருப்பு சேற்றில் இழுபட்டது. வண்டிப் பக்கத்தில் வந்து அண்ணாந்து பார்த்தாள். படி இல்லை. முழங்காலைத் தூக்கப் பார்த்தவள் தையலில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கவும் முடியாது, தையல் இழுக்கும்.

"இரு, உள்ள போய் ஸ்டூல் கேட்டு வாங்கியாறேன்" என்றார் அண்ணன்.

தாலாய் கதவைத் திறந்தான். பிறகு சேற்றில் முழங்காலை ஊன்றி, கைகளை ஊன்றி, சக்கரத்துக்குப் பக்கத்தில் முதுகைக் கொடுத்தான்.

"ஐயையோ, என்ன இது. எல்லாரும் பாக்கறாங்க, எழுந்திருங்க."

"ஏறுங்க அண்ணி."

"சட்டையெல்லாம் சேறாகுது."

"ஏறுங்க."

அவன் வலது கைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் செருப்பு வந்து நின்றது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அவன் சட்டையில் சேறு படக்கூடாதென்று கழற்றி வைத்திருந்தாள். மென்தோல் பாதம் ஒன்று முதுகில் வந்து பதிந்தது, வைத்ததா வைக்கவில்லையா என்று தெரியாதபடி. மேலே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் தன் பாரத்தைக் கையிலேயே தாங்குவது அவனுக்குப் புரிந்தது. கண்ணுக்கு நேரே டயரின் ரப்பர் முட்கள் அப்படியே சிலிர்த்து நின்றன.

"முழுசா வைங்க அண்ணி. பாரத்தை எல்லாம் வைங்க."

"உங்க முதுகு வலிக்கும்" என்றாள் மூச்சு வாங்க. "அன்னிக்கிப் பாத்தா அந்த ஆக்ஸில் ஒடையணும்? எவ்வளவு துடிச்சிருப்பீங்களோ, கன்னுச் சவாரிக்காரரே."

பாதம் விலகியது. இருக்கையில் அவள் உட்கார்ந்த சத்தமும் அண்ணன் கதவைச் சாத்திய சத்தமும் மேலே கேட்டன. தாலாய் உடனே எழுந்திருக்கவில்லை. சேற்றில் முட்டி போட்டபடியே அந்த இரண்டு செருப்புகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தன் சட்டைக் கையால் துடைத்தான்.