வீரய்யாவின் முதல் ‘டேய்’

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் எங்கள் தோட்டத்து மாரியம்மன் என் கண்ணைப் பிடுங்கிக்கொள்ளட்டும். வலது கண்ணில் ஏற்கெனவே புரை விழுந்துவிட்டதால், ஏமாற்றக் கூடாது என்று இடது கண்ணின் மேலேயே சத்தியம் செய்கிறேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஐம்பத்தொன்பதாம் வருடம் தை மாதம், இலங்கை மலைநாட்டில் லிந்துலைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவில் நடந்தது நடந்தபடி.

வீரய்யாவின் வாயை மூட முடியவில்லை.

பழைய வேட்டியில் கிழித்த துணியைத் தாடைக்குக் கீழே கொடுத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட இரண்டு பேர் இழுத்தார்கள். தலை அசையாமல் மகன் செல்லசாமி பிடித்துக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயது. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கை.

“நல்லா இறுக்குங்கப்பா,” என்றார் தப்பு அடிக்கிற அழகன். “ஆயுசு பூரா மூடாத வாயி. ஒரு இழுப்புல மூடிருமா?”

வாசலில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களில் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். பிறகு விட்ட இடத்தைக் கண்டுபிடித்து மறுபடி அழுதார்கள்.

வாய் மூடவில்லை. அப்படியே விட்டார்கள். பார்க்கிறவர்களுக்குக் கிழவர் இன்னும் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருப்பது போலத் தெரிந்தது. யாரை என்று செல்லசாமிக்குத் தெரியும்.

வீரய்யாவின் தொண்டையைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருக்குப் படுக்கை இஸ்தோப்பில், அதாவது லயம் என்கிற வரிசை வீட்டில் காம்பரா அறைக்கு முன்னால் இருக்கிற தாழ்வாரத்தில். விடியக்காலை நாலரைக்கு அங்கே எழுந்து நின்று மகனை எழுப்பக் குரல் கொடுப்பார். அந்த லயத்துப் பன்னிரண்டு காம்பராவும் எழும்பும். கீழே இரண்டு லயமும் எழும்பும். அரை மைல் தள்ளிப் பங்களாவில் தொரையின் நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பனி இரண்டாகப் பிரிந்து வழி விட்டதை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆள் சேர்க்கத் தப்பு அடிப்பது அழகனின் உத்தியோகம். பதினேழு வருடமாக அவர் அதைத் தொடவில்லை. தப்புக்குள் ஒரு கோழி மூன்று தலைமுறை குஞ்சு பொரித்துவிட்டது. சாவுக்கு அடிக்க எடுத்தபோது அந்தக் கோழி போட்ட சண்டையைத் தனிக் கதையாகத்தான் எழுத வேண்டும்.

கூப்பாடு மொத்தம் மூன்று. முதலாவது வெறும் ‘டேய்’. அது தொண்டையைச் சரிபார்க்க. இரண்டாவது ‘டேய் செல்லசாமி!’ லயங்கள் எழும்புவது அதற்குத்தான். மூன்றாவதில் பேச்சே கிடையாது, மலையிலிருந்து பீலியில் வருகிற தண்ணீர் ஒரு செம்பு. தை மாதத்துப் பீலித் தண்ணீர் முகத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று மலையில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“புள்ளைய அடிச்சு எழுப்பணும். கொஞ்சி எழுப்புனா தூங்குறதுலயே காலம் போயிரும்,” என்பார் வீரய்யா. “இந்தக் காலத்துப் பயலுகளுக்கு என்ன தெரியுது? தலைக்கு வாசன எண்ணெ, சட்டைக்கு இஸ்திரி, ஹட்டன்ல படம். மம்பட்டிய எந்தப் பக்கம் புடிக்கிறதுன்னு கேளு, முழிப்பான்.”

சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் வேலாயி. லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது; ஒரு வீட்டில் விக்கினால் அடுத்த வீட்டில் தண்ணீர் குடிப்பார்கள். வேலாயி தன் ஒரே மகன் சன்னாசியை, ‘எந்திரிங்க ராசா, தேத்தண்ணி ஆறுதுல்ல’ என்று எழுப்பி வளர்த்தவள். ஒரு நாளும் கை நீட்டியதில்லை. அவன் உருப்பட மாட்டான் என்று வீரய்யா இருபது வருடம் சுவருக்கு மேலாகவே சொல்லிவந்தார். சன்னாசி இப்போது பொகவந்தலாவை பஸ்ஸில் கொண்டக்டர்.

செல்லசாமியும் தகப்பனின் வளர்ப்பில் ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தான். முதல் டேய்க்கும் இரண்டாவது டேய்க்கும் நடுவில் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிற தூக்கத்துக்கு இணையாக உலகத்தில் எதுவும் இல்லை.

அன்றைக்கும் நாலரை மணி இருட்டில் ‘டேய்’ என்று கேட்டது. கொஞ்சம் மெலிந்து கேட்டது. வழக்கம்போலக் கம்பளியை இழுத்துப் போர்த்தினான். இரண்டாவதற்காகக் காத்திருந்தான். வரவில்லை. கிழவனுக்கு இன்னைக்கு மனசு இளகிப்போச்சு என்று நினைத்துச் சிரித்தான். போர்வைக்குள் சத்தமில்லாமல் சிரித்த அந்தச் சிரிப்புத்தான் இப்போது நெஞ்சில் நின்று அறுத்தது.

அவன் மட்டுமல்ல, மூன்று லயமும் தூங்கிப்போனது. பெரட்டுக் களத்தில் ஒற்றை ஆளாக நின்று அலுத்துப்போன, ஆட்களை வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை, தடியோடு ஏறி வந்து முதலில் வீரய்யாவைத்தான் திட்டினார். இரண்டு நிமிடம் நன்றாகத் திட்டிவிட்டு, பதில் வராததில் சந்தேகப்பட்டுத் தொட்டுப் பார்த்தார்.

அதே கணக்கப்பிள்ளை பத்து மணிக்கு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து தலையை ஆட்டினார்.

“வளப்புன்னா இதுய்யா வளப்பு. பாருங்க, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. கல்லு மாதிரி நிக்கிறான். அடிச்சு வளத்த புள்ள!”

செல்லசாமி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். அழுதால் உண்மை கூடவே வந்துவிடும் என்று பயந்து நின்றவனுக்கு அந்தப் பேர் கிடைத்தது.

அந்த நேரம் சன்னாசி வந்தான். காக்கி உடுப்பைக்கூட மாற்றவில்லை. ரோட்டிலிருந்து ஓடிவந்தவன், “மாமா, என் சாப்பாட்டுத் தட்டப் பாத்து ‘நல்லாத் தின்னுடா, தின்னுட்டுத் தூங்கு’ன்னு இனி யாரு மாமா திட்டுவா?” என்று வீரய்யாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் தப்புச் சத்தம் அமுங்கிப்போனது.

“கொஞ்சி வளத்தா இப்பிடித்தான்,” என்றார் பெஞ்சில் இருந்த இராமையா. அவர் வீரய்யாவுக்குப் பங்காளி. “பொம்பள மாதிரி அழுவுறான் பாரு. இந்தக் காலத்துப் பயலுக.”

அழகன் தப்பைத் தீயில் காட்டிக்கொண்டே சொன்னார்: “நம்ம காலத்து லச்சணத்த நான் சொல்லட்டா? இந்த வீரய்யா மாதிரி தூங்குன பய இந்தியாவுலயும் கெடையாது, கண்டியிலயும் கெடையாது. அவங்கப்பன் கம்பளியோட தூக்கியாந்து பெரட்டுல நிப்பாட்டுவாரு. அங்கயும் நின்னுக்கிட்டே தூங்குவான். பேரு கூப்புட்டா, ‘இருக்கேங்க சாமி’ன்னு சொல்றது நானு. மூணு வருசம் அவனுக்கும் சேத்து நாந்தான் இருந்தேன்.”

“சும்மா கெட அழகா. சாவு வீட்டுல.”

“அன்னைக்கும் பெருசுக பெஞ்சியில ஒக்காந்து இதத்தான் பேசுனாங்க. பெஞ்சிகூட இதேதான்.”

தகப்பன் தூங்குமூஞ்சியாக இருந்த கதை செல்லசாமிக்கு இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் காதில் விழுந்தது. தெரிந்திருந்தால் ஒரு நாளாவது அவரோடு சேர்ந்து சிரித்திருக்கலாம்.

நாவிதர் வந்தார். கொள்ளிக்குடம் எடுக்கிற மகன் தலையை மழித்துக்கொள்ள வேண்டும். நெற்றியில் சுருட்டிவிட்ட கிராப்புக்காக மூன்று வருடமாக அப்பனுக்கும் மகனுக்கும் சண்டை.

“உசுரோட இருந்து எடுக்க முடியாத கிராப்ப, செத்து எடுத்துப்புட்டான்யா வீரய்யா!” என்றார் இராமையா. பெஞ்சு முழுக்கச் சிரித்தது. மயிர் மடியில் கொத்துக்கொத்தாக விழுந்தது. செல்லசாமிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

குளிக்கப் பீலிக்குப் போனான். மலையிலிருந்து மூங்கில் வழியாக வந்து விழுகிற தண்ணீருக்கு அடியில் தலையைக் கொடுத்தான். குடத்தோடு வந்த வேலாயி முன்னும் பின்னும் பார்த்தாள்.

“தம்பி, ஒன்னு சொல்லிப்புடுறேன். மனசு தாங்கல.”

“என்ன அத்தே?”

“வெடியக்கால ஒங்கப்பா கூப்புட்டது எனக்குக் கேட்டுச்சு.”

தண்ணீர் மொட்டைத் தலையில் அறைந்துகொண்டிருந்தது. அவன் விலகவில்லை.

“ஒரே ஒரு தடவ. மெதுவா. ஒன்னயத்தான் எழுப்புறாருன்னு நெனச்சேன். ஒரு எட்டு வந்து பாத்திருக்கலாம். பாவி, திரும்பிப் படுத்துட்டேன். நீ பாவம், நல்லா அசந்து தூங்கியிருப்ப. ஒனக்கு எங்க கேட்டிருக்கப் போவுது.”

எனக்கும் கேட்டது என்று சொல்ல வாயைத் திறந்தான். தண்ணீர்தான் உள்ளே போனது.

பாடை கட்டும்போது அழகன் காதோரம் வந்தார். “மாப்ளே, கோவிச்சுக்காத. கீழ் லயத்துல எனக்குக் கேட்டுச்சுடா. ஒத்த டேய். சரி, ரெண்டாவதுக்கு எந்திரிப்போம்னு...” அவர் முடிக்காமல் தப்பை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நகர்ந்தார்.

குழி மூடிவிட்டுத் தேயிலைக்குள் இறங்கி வருகிற வரைக்கும் இப்படி ஒவ்வொருவராக வந்தார்கள். இராமையா வந்தார். பிள்ளைக்காரி மீனம்மா வந்தாள். காது கேளாத கிழவர் ஒருவரும் வந்தார். மொத்தம் பதினொரு பேர்; எண்ணியவன் நான். பதினொரு பேரும் கேட்டிருந்தார்கள், பதினொரு பேரும் அவனைத்தான் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் படுத்திருந்தார்கள்.

இத்தனை பேர் கூடச் சுமந்தால் பாரம் குறைய வேண்டும். செல்லசாமிக்குக் கோபம்தான் வந்தது. அது அவனைக் கூப்பிட்ட குரல். மற்றவர்கள் தெரியாமல் படுத்திருந்தார்கள். ஏழு அடி தள்ளிப் படுத்திருந்தவன் அவன். சிரித்தவனும் அவன்.

ஆத்தாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தான். அவள் அடித்தாலும் சரி, மண்ணை வாரித் தூற்றினாலும் சரி. சொல்லாமல் அவள் கையால் ஒரு வாய் சோறு இறங்காது.

வந்தவர்கள் கலைந்த பிறகு உள்ளே போனான். அம்மாக்கண்ணு அடுப்புக்கு எதிரில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நாள் முழுக்க அழுது முகம் வீங்கியிருந்தது.

“ஆத்தா.”

“பசிக்குதாப்பா?”

“இல்ல. காலையில அப்பா...”

“நானும் அதத்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன்,” என்றாள் அவள். “எத்தன சண்ட போட்டிருப்பேன் அந்த மனுசனோட. பச்சப் புள்ள மூஞ்சியில தண்ணிய ஊத்துறியே, நீயெல்லாம் ஒரு அப்பனான்னு. நேத்துச் சோறு போடுறப்பக்கூட கேட்டேன். மலையில கவ்வாத்து வெட்டி முதுகு ஒடிஞ்சு கெடக்கான், நாளைக்கு ஒரு நாளாச்சும் அவன எழுப்பாதன்னு. பதிலே பேசல. எந்திரிச்சுப் போயி இஸ்தோப்புல படுத்துட்டாரு.”

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“ஆனா பாத்தியா, எழுப்பல. முப்பது வருசத்துல எம் பேச்ச ஒரு தடவ கேட்டிருக்காரு. புள்ள தூங்கட்டும்னு சத்தமில்லாமப் போயிட்டாருப்பா.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அழுது வீங்கிய முகத்தில் அந்தச் சிரிப்பு புதுப்பெண்ணுக்கு வருவதுபோல வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வேலாயி செருமத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“நீ என்னமோ சொல்ல வந்தியே?”

செல்லசாமி சுவரின் மேல் இடைவெளியைப் பார்த்தான். அங்கிருந்து மூச்சுச் சத்தம்கூட வரவில்லை.

“தேத்தண்ணி இருக்கான்னு கேட்டேன் ஆத்தா.”

“இந்தா, வச்சுத் தாறேன்,” என்று அவள் எழுந்தாள்.

மறுநாள் நாலு மணிக்கெல்லாம் மூன்று லயத்திலும் அடுப்புப் புகை எழும்பிவிட்டது. ஒருவரும் ஒருவரையும் கூப்பிடவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராக இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த செல்லசாமியைக் கடந்து, தலையைக் குனிந்துகொண்டு பெரட்டுக்கு இறங்கினார்கள். அழகன் தப்பை எடுத்துவந்திருந்தார், ஆனால் அடிக்கவில்லை. எதிர் மலையில் வெளிச்சம் வந்து, வாசல் வழியாக உள்ளே நீண்டது. அம்மாக்கண்ணு இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். செல்லசாமி சத்தமில்லாமல் எழுந்து, அவள் கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டுகிற படங்கைக் கொடியிலிருந்து எடுத்து, அவள் முகத்தில் வெயில் படாதபடி வாசலில் தொங்கவிட்டான்.

செத்த அன்று காலை ஆறரைக்கு வந்து உடம்பைத் தொட்டுப் பார்த்த டிஸ்பென்சரி ஐயா, வீரய்யாவின் உயிர் முந்தின இரவு பத்து மணிக்கு முன்பே போய்விட்டது என்று தம் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறார்.