ஒன்றரைச் சுற்று

அந்தப் பழைய கைக்கடிகாரத்தின் சாவித்தண்டு துருவேறி இற்றுப்போயிருந்தது. வெளியே இருக்கும் குமிழைத் திருகினால் வெறுமனே சுற்றியது. தண்டைக் கழற்ற உள்ளேயிருக்கும் குட்டித் திருகாணியை ஒன்றரைச் சுற்று தளர்த்தினால் போதும். அதற்கு மேல் போனால் அடியில் தண்டைப் பிடித்திருக்கும் கொக்கி கழன்றுவிடும். இருபது வருடமாகக் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை நடத்துபவருக்கு இது தெரியாதா? ஆனால் அன்று போனில் மச்சானோடு மல்லுக்கட்டிக்கொண்டே திருகினார். கொக்கி கழன்றது. பதறிப்போய்த் தண்டை இடுக்கியால் இழுத்தார். கொக்கியின் முனையும் ஒடிந்தது.

சாயங்காலம் கடிகாரத்துக்குச் சொந்தக்கார அம்மா வந்தார். உண்மை கடைக்காரரின் தொண்டைவரை வந்து, நாக்கில் வேறாகப் புரண்டது.

"யாரோ ஏற்கெனவே நோண்டியிருக்காங்கம்மா. உள்ள கொக்கி உடைஞ்சு கிடக்கு."

அம்மாவின் முகம் கறுத்தது. "என் தம்பிகிட்டதான் இருந்துச்சு. எங்க அப்பா கட்டின வாட்ச். ஏன் ஓடலைன்னு கேட்டப்போ தொடவே இல்லைன்னு சாதிச்சான்."

மறுநாள் அந்தத் தம்பியே வந்து நின்றார். நரை விழுந்த பஸ் டிரைவர், காக்கிச் சட்டை.

"அண்ணே, நான் திறக்கவே இல்ல. அக்கா மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்குது. ஒரு தடவை மேசையிலேருந்து விழுந்துச்சு... அதுலதான் உடைஞ்சிருக்குமோ?"

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. 'ஆமாம்' என்றால் தீர்ந்தது. ஆனால் செய்யாத தப்பைத் தன்னிடமே தேடிக்கொண்டிருந்த அந்த முகத்தைப் பார்த்தபடி கடைக்காரரால் அதைச் சொல்ல முடியவில்லை.

"நான்தாங்க உடைச்சேன். வாய் கூசாம உங்க தலையில கட்டிட்டேன்."

டிரைவர் திட்டவில்லை. போனைப் போட்டு நீட்டினார். "இதை அக்காகிட்டயே சொல்லிடுங்க."

கடைக்காரர் சொன்னார்.  கேட்டு முடித்ததும், "தம்பிகிட்ட குடுங்க" என்றார் அந்த அம்மா.

"சரிக்கா... பரவாயில்லக்கா... அட, அழாதக்கா" என்று டிரைவர் பேசிக்கொண்டிருக்க, கடைக்காரர் கூனிக்குறுகி, ஓடாத கடிகாரங்கள் கிடந்த டப்பாவைக் கிளறினார். பொருந்தும் கொக்கி ஒன்று அகப்பட்டது. புதுத் தண்டை வெட்டி, அரத்தால் ராவி, செருகிப் பார்த்து, மறுபடி ராவி, குமிழை மாட்டினார். சாவி ஏறியது.

டிரைவர் கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார். "ஓடுதுண்ணே! ரொம்ப தேங்க்ஸ்."

நாலு அறை விட்டிருந்தாலும் தேவலை என்றிருந்தது கடைக்காரருக்கு.

அந்த அம்மா அதன்பிறகு அந்தக் கடைப் படி ஏறவில்லை. ஒரு நாள் எதிர்ச்சாரிக் கடிகாரக் கடையில் அவர் சுவர்க்கடிகாரத்தோடு நிற்பதைக் கண்டு, கடைக்காரர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்துகொண்டார். மேசைமேல் அப்போது வேலை எதுவும் இல்லை.