‘அடித்தான்’ என்று எழுதி அடித்தது

1

இந்தக் கதை ஒரு பென்சிலில் தொடங்கியது.

1924இல் பதுளைக்கு முதல் ரயில் வந்த அன்று, கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி அனுப்புவதற்காக நிலையத்தில் நின்றிருந்தேன். எஞ்சின் கண்ணில் படுவதற்கு முன்பே ஒரு பாண்டு வாத்தியக் குழு முழங்க ஆரம்பித்தது. கூட்டம் இரைந்தது. குனிந்து பார்த்தால், என் இரண்டு கைகளும் பென்சிலைக் குறுக்கே பிடித்திருந்தன. விரல்கள் அதில் இல்லாத துளைகளை மூடித் திறந்துகொண்டிருந்தன. ரயில் வந்தது, மாலை போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள், பெரிய மனிதர்கள் பேசினார்கள். நான் ஒரு சொல்லும் குறிக்கவில்லை. பக்கத்தில் நின்றவரைக் கேட்டுத்தான் செய்தி எழுதினேன்.

அன்று மாலையே இதை எழுத உட்கார்ந்தேன். பள்ளிக்கூடப் பாண்டில் நான் குழல் ஊதியவன். ஆனால் கதை என்னைப் பற்றியதல்ல. எனக்குப் பின்னால் நின்று பெரிய டிரம்மை அடித்த நல்லையாவைப் பற்றியது.

[‘அடித்த’ என்ற சொல்லை இப்போதே அடித்துவிடுகிறேன். காரணம் மூன்றாம் பகுதியில்.]

2

முதல் தொடக்கம்: “அரசரின் முடிசூட்டு விழாவை முன்னிட்டு, 1911ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பதுளை நகரம் விழாக்கோலம் பூண்டு —”

நிறுத்தினேன். விழாக்கோலம் பூணாத நகரத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் கண்டதில்லை. இந்த வரியை நானே பலமுறை அச்சேற்றியிருக்கிறேன்.

இரண்டாம் தொடக்கம்: “என் அம்மாவுக்குப் பாண்டு வாத்தியம் பிடிக்காது. காரணம் எச்சில்.”

இது பரவாயில்லை. உண்மையும்கூட. எங்களுக்குக் கடைவீதியில் துணிக்கடை. நான் படித்தது மிஷன் பள்ளிக்கூடம். அங்கே கொடுத்த சின்ன மரக்குழல், எனக்கு முன்னால் எத்தனையோ பையன்கள் ஊதியது.

“எந்தப் பிள்ளை வாய் வச்சதோ! அதைக் கொண்டுக்கிட்டு அடுப்படிக்கு வர்றியே!”

“கழுவிட்டேம்மா.”

“கழுவுனா எச்சில் போயிருமா? உங்க மாஸ்டரு ஊதிக் காட்டுனாரா இல்லையா? மாட்டுக்கறி திங்கிற வாயி!”

“ஊதிக் காட்டலம்மா. திட்டத்தான் செஞ்சாரு.”

அம்மா நம்பவில்லை. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். மரம் ஊறிப்போய், கடைசிவரை என் குழல் மற்றவர்களுடைய குழலைவிடச் சற்றுத் தாழ்ந்தே ஒலித்தது.

ஆனால் அம்மாவை உள்ளே விட்டால் கதையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். இந்தத் தொடக்கத்தையும் விடுகிறேன். அடித்துவிடவில்லை; விடுகிறேன்.

3

நல்லையா, ஹாலிஎலைக்கு மேலே வெள்ளைப்பாறைத் தேயிலைத் தோட்டத்துப் பையன். பாதிரியார் அழைத்துவந்து பள்ளிக்கூட விடுதியில் சேர்த்திருந்தார். அவன் அப்பா இராமையா அந்தத் தோட்டத்துத் தப்புக்காரர். விடியற்காலையில் அவர் தப்புப் பறையை அடித்தால்தான் லயத்து வரிசை வீடுகளில் ஆட்கள் எழுவார்கள், பெரட்டுக்களத்தில் வந்து வரிசையில் நிற்பார்கள். கங்காணி பேர் கூப்பிட்டதும் வேலைக்கு மலையேறுவார்கள். லயத்தில் யாராவது செத்தாலும் இராமையாவுக்குத்தான் ஆள் போகும். மற்ற நேரத்தில் அவரை யாரும் வாசலுக்குள் கூப்பிடுவதில்லை.

மகனைப் பள்ளிக்கூடத்தில் விட்ட அன்று அவர் சொன்னாராம்: “தோலைத் தொட்டேன்னு எங் காதுல விழுந்துச்சு, அன்னிக்கே உன்னை மலைக்கு இழுத்துக்கிட்டுப் போயிருவேன். படிப்பும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்.”

நல்லையா இதை என்னிடம் சிரிக்காமல் சொன்னான். அவன் எதையும் சிரிக்காமல் சொல்லக்கூடியவன் அல்ல.

பெரிய டிரம்மைச் சுமந்த பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது, பாண்டு மாஸ்டர் ஜான்ஸ் எங்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ஆளுக்கொரு முறை கொட்டச் சொன்னார். நல்லையா கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசியில் நின்றான். மாஸ்டர் அவன் கையைப் பிடுங்கி, பஞ்சு கட்டிய கோலைத் திணித்தார். அதற்குப் பிறகு வேறு யாரையும் சோதிக்கவில்லை.

[ஜான்ஸ் மாஸ்டரைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் வரைவில் அவர் மிக நல்லவராக வந்தார். இரண்டாவதில் பிரம்போடு வந்தார். இரண்டு பேரையும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஜான்ஸ் மாஸ்டர், மனிதர்களைவிடத் தாளத்தை அதிகம் நேசித்த ஒரு பறங்கியர். அவருடைய தமிழை மட்டும் நான் மாற்றவில்லை.]

மாஸ்டரின் தமிழில் வாத்தியத்தை ‘விளையாடுவார்கள்’. “நல்லையா! டிரம் விளையாடு! லிங்கம்! நீ ஏன் குழல் விளையாடல? துப்புறது விளையாட்டா?”

லிங்கம் நான்தான். எல்லோரும் சிரித்தோம். சரியான சொல் எங்களுக்குத் தெரியும். குழலை வாசிக்கலாம். வீணையை வாசிக்கலாம். மிருதங்கத்தைக்கூட, அது தோலாக இருந்தும், வாசிக்கலாம். தப்பை மட்டும் அடிப்பார்கள். கருவியைப் பார்த்தா, அதைத் தொடும் கையைப் பார்த்தா நம் மொழி வினைச்சொல்லைக் கொடுக்கிறது என்று அப்போது நான் யோசித்ததில்லை. நல்லையா யோசித்திருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இராமையா பள்ளிக்கூட வாசல் கதவுக்கு வெளியே நின்றிருந்தார். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. நாங்கள் இருவரும் போனோம்.

“உள்ளார என்னடா பண்றே?”

“வாசிக்கிறேம்ப்பா.”

“தெனமுமா?”

“தெனமும். சாயங்காலம் மாஸ்டர் நிப்பாட்டச் சொல்ற வரைக்கும்.”

இராமையா என் பக்கம் திரும்பினார். “கேட்டீங்களா சின்ன மொதலாளி? தோட்டத்துப் புள்ளைங்க படிக்கும். எம் மவன் வாசிக்கிறான்!”

அவர் போன பிறகு நான் சொன்னேன்: “பொய் சொல்லிட்டியேடா.”

“எது பொய்? பொஸ்தகமும் வாசிக்கிறேன், டிரம்மும் வாசிக்கிறேன். அவரு எதைக் கேட்டாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

4

முடிசூட்டு விழாவுக்குத் தோட்டத்து ஆட்களை எல்லாம் இறக்குகிறார்கள், வெள்ளைப்பாறை ஆட்களும் வருகிறார்கள் என்று தெரிந்ததும் நல்லையாவுக்குச் சோறு இறங்கவில்லை.

“வயித்துவலின்னு படுத்துக்க,” என்றேன்.

“படுத்துட்டா டிரம்மை யாரு எடுப்பா? நீயா?”

“உங்கப்பா பார்த்துட்டா?”

யோசித்தான். பிறகு டிரம்மைக் கழுத்தில் மாட்டி எனக்கு முன்னால் நின்றான். “இப்ப எம் மூஞ்சி தெரியுதா?”

தெரியவில்லை. ஒரு பெரிய டிரம்மும் கீழே இரண்டு கால்களும் மட்டும் தெரிந்தன.

“டிரம்முக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்குடா.”

“அம்புட்டுத்தான். எங்கப்பனுக்கு எங் காலு அடையாளம் தெரியாது. சப்பாத்து போட்டு அவரு பார்த்ததே இல்ல.”

[இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தாளர், பையனின் உள்ளத்துப் போராட்டத்தை ஒரு பத்தி எழுதுவார். நான் முயன்றேன்: “அவன் நெஞ்சில் இரு வேறு —” வேண்டாம். அவன் சப்பாத்துக்கு மினுக்கம் போட்டுக்கொண்டிருந்தான். அதைத்தான் நான் பார்த்தேன்.]

5

மைதானத்தில் தோட்டம் தோட்டமாக ஆட்களைப் புல்லில் உட்கார வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு பணிஸ் ரொட்டி கொடுத்திருந்தார்கள். அரசாங்க ஏஜெண்டு துரையின் குதிரை வண்டி வாசலில் தெரிந்ததும் மாஸ்டர் கோலை உயர்த்தினார். நடைப்பாட்டை எடுத்தோம். வாசகரே, அந்த முதல் வரியை நாங்கள் ஊதியதுபோல இந்தக் கதையில் ஒரு வரியாவது எழுதிவிட முடிந்தால் எனக்குப் போதும். கூட்டம் முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. என் தாழ்ந்த குழல்கூட அன்று சேர்ந்துகொண்டது.

அப்போதுதான் காற்று அடித்தது.

எங்கள் ஊவா மலைப்பக்கத்தின் ஜூன் மாதத்துக் காற்றை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குறுக்கே பிடித்து ஊதும் குழலில், உதட்டிலிருந்து போகும் மூச்சு துளையின் விளிம்பில் பட்டு உடைந்தால்தான் ஒலி. எதிர்க்காற்று அந்த மூச்சை உதட்டிலேயே பிடுங்கிக்கொண்டு போய்விடும். கன்னம் உப்பும், விரல் ஆடும், சத்தம் வராது. ஒரே நேரத்தில் எங்கள் எல்லோருடைய குழலும் ஊமையாகிவிட்டது. சின்ன டிரம்காரன் மிரண்டுபோய்க் குச்சியைத் தவறவிட்டான்.

மிஞ்சியது பெரிய டிரம் மட்டும்.

“நிறுத்தாதே! விளையாடு! விளையாடு!” மாஸ்டர் கத்தினார்.

நல்லையா விடவில்லை. ஆனால் பாட்டு இல்லாமல் நடைப்பாட்டின் தாளத்தை எவ்வளவு தூரம் ஓட்டுவது? முதலில் தடுமாறினான். பிறகு கை தனக்குத் தெரிந்த வழியில் போய்விட்டது. டங்கு, டங்கு, டகடங்கு. பிறந்ததிலிருந்து அவனை எழுப்பிய தாளம். பெரட்டுக்கு அழைக்கும் தப்பு.

வெள்ளைப்பாறைக் கூட்டத்தில் மாரியாயி என்ற பெண் கையில் பாதிப் பணிஸோடு எழுந்து நின்றாள்.

“ஏய், எங் கூடை எங்கடி?”

“திருநாள் பாக்க வந்தவளுக்குக் கூடை எதுக்குடி?”

“பின்னே நீ எதுக்குடி எந்திரிச்சே?”

“நீ எந்திரிச்சே, எந்திரிச்சேன்!”

அவர்கள் எழுந்ததைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டம் எழுந்தது. அதைப் பார்த்து அதற்கடுத்தது. நெருக்கித் தள்ளி, முந்தானையைச் செருகி, மைதானம் முழுக்க வரிசை வரிசையாக நின்றுவிட்டார்கள். ஒரு கங்காணி பழக்கத்தில் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “கறுப்பாயி!” என்று பேர் கூப்பிட ஆரம்பித்தார். “இருக்கேங்க!” என்று பதிலும் வந்தது.

ஏஜெண்டு துரை வண்டியிலிருந்து இறங்கினார். நேர்த்தியான வரிசைகளைக் கண்டார். தனக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார்.

நாங்கள் சிரிப்பை அடக்க, ஒலிக்காத குழல்களைக் கடித்துக்கொண்டு நின்றோம்.

ஒவ்வொரு தோட்டத்துப் பெரட்டுத் தப்புக்கும் ஒரு முடிப்பு உண்டு. இராமையாவின் முடிப்பு, கொஞ்சம் மௌனம், பிறகு ஒரே ஒரு அறை. நல்லையா முடித்தான். மௌனம். அறை.

6

வரிசையில் சேராத ஒரே ஓர் ஆள் மைதானத்தில் இருந்தார். பெரட்டில் எல்லோருக்கும் வரிசையில் இடம் உண்டு. தப்பு அடிக்கிறவருக்கு மட்டும் கிடையாது. அவர் வெளியில்தான் நிற்பார். இராமையா வெளியில் நின்றார். தன் வெறும் கைகளைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார், எங்கள் தலைகளுக்கு மேலே, டிரம் இருந்த பக்கம்.

நடக்க ஆரம்பித்தார்.

காற்று ஓய்ந்தது. மாஸ்டர் முகம் சிவக்க, எப்படியாவது மானத்தைக் காப்பாற்ற, அரச வாழ்த்துக்குக் கோலை உயர்த்தினார். அவ்வளவுதான், மைதானமே உறைந்துவிட்டது. துரை விறைத்து நின்றார். பொலிஸ்காரர்கள் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார்கள். வாழ்த்துக்குக் கோல் உயர்ந்த பின் யாரும் அசையக் கூடாது. ஆகவே இராமையாவைத் தடுக்கவும் யாரும் அசைய முடியவில்லை.

நான் முன்வரிசையில் ஓரத்து ஆள். அவர் என்னை உரசிக்கொண்டு போனார். வெற்றிலை மணத்தது. எனக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது.

“இதைத்தான் வாசிக்கிறேன்னு சொன்னியாடா?”

“ஆமாப்பா.”

இராமையா இன்னொன்றும் சொன்னார். கோல் இறங்கியது. நான் ஊதியாக வேண்டும், ஊதினேன். அவர் சொன்னதை என் குழலே மூடிவிட்டது.

7

முடிவுகள்.

அ. அப்பா மகனைக் கட்டித் தழுவுகிறார், கூட்டம் கைதட்டுகிறது. [அடித்துவிட்டேன். கூட்டம் அசையக்கூடாத நேரம் அது. தவிர, பதுளையில் எந்த அப்பாவும் மகனைக் கட்டித் தழுவி நான் பார்த்ததில்லை.]

ஆ. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார். சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார். டிரம் புல்லில் உருண்டு — [இதுவும் எழுத எளிது. எளிதாக இருப்பதாலேயே நம்பவில்லை.]

இ. நடந்தது, எனக்குத் தெரிந்த அளவில்: வாழ்த்தின் முதல் வரியில் டிரம் இல்லை. குழல்கள் மட்டும் தள்ளாடின. இரண்டாம் வரியில் டிரம் வந்தது. சரியான இடத்தில் வந்தது. ஆனால் பயிற்சியில் ஒருநாளும் நாங்கள் கேட்டிராத கனத்தோடு வந்தது. என் முதுகெலும்பில் இறங்கியது. மாஸ்டர் என் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்தார். அவருடைய கோல் காற்றிலேயே நின்றுவிட்டது. நாங்கள் கோலை விட்டோம், டிரம்மைப் பிடித்துக்கொண்டு ஊதினோம். அப்படி ஒருநாளும் ஊதியதில்லை. அப்போது டிரம்மை அடி— வாசி— யாரோ டிரம்மை —

வாழ்த்து முடிந்ததும் நான் திரும்பிப் பார்த்தேன். பார்த்ததை எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். எழுதியதும் அது வெறும் செய்தியாகிவிடுகிறது, நான் வாரந்தோறும் அனுப்புகிற மாதிரி. எனக்கு வேண்டியது திரும்புவதற்கு முந்தின அந்த நேரம். அதை உங்களுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

வாருங்கள், முன்வரிசை, ஓரத்து இடம். குழலை உதட்டில் வையுங்கள். தலையைத் திருப்பக் கூடாது. துரை பார்க்கிறார், மைதானமே வரிசையில் நிற்கிறது, பின்னால் டிரம் அதிர்கிறது. மகன் கையா, அப்பன் கையா, ஒரே கோலில் இரண்டு பேர் கையுமா? கேட்டுப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.

ஊதுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.