மூன்று பெரணிக் கன்றுகள்

கன்னியம்மாள் மூன்று சட்டிகளையும் முறத்தில் அடுக்கி, ஈரத்துணி போர்த்தி, உப்பளத்துக் குடிசையிலிருந்து வெயில் ஏறுமுன் நடந்தே கொண்டுவந்துவிட்டாள். தனிஸ்லாஸ் வீட்டுக் கிணற்றடியில் இறக்கியபோது ஓர் இலைகூட வாடியிருக்கவில்லை.

அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு பெரணி இருந்தது. ஐம்பத்துநான்கில் ஆட்சி கைமாறியதும் கப்பலேறிய பிரெஞ்சுக்கார நீதிபதியின் மனைவி, கோர்ட்டு எழுத்தராயிருந்த தனிஸ்லாஸிடம் விட்டுப்போனது. ஈரமும் நிழலும் கொஞ்சம் குறைந்தாலும் கருகிவிடும் சாதி. ஊரில் வேறெங்கும் கிடையாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் வீட்டுப் படியேறி யாராவது வந்தார்கள் என்றால் அதைப் பார்க்கத்தான். நாளைக்கு நான்கு வேளை தண்ணீர் தெளிப்பது கன்னியம்மாளின் வேலை. போன வருஷம் சித்திரையில் ஒருநாள் பிந்தியதில் இரண்டு இலைகள் காய்ந்தன. அவர் திட்டவில்லை. "வெயில்னா என்னன்னு நீயும் தெரிஞ்சிக்க" என்று முற்றத்தின் நடுவில் அவளைச் சாயங்காலம்வரை நிற்கவைத்தார்.

அந்தப் பயத்தில்தான் யோசனை வந்தது. செடி செத்துப்போனால் பதிலுக்கு ஒன்று வேண்டும். இலைக்கடியில் விதைபோல ஒட்டியிருந்த பழுப்புத்தூளை முந்தானையில் தட்டி முடிந்துகொண்டுபோய், ஈரச் செங்கல்பொடியில் தூவி, உடைந்த கண்ணாடியால் மூடி, குளிக்கும் கீற்றுமறைப்புக்குள் வைத்தாள். மாசக்கணக்கில் வெறும் பாசிதான் படர்ந்தது. எறிந்துவிடலாமென்று இருந்தவள், ஒருநாள் அதற்குள் குண்டூசித்தலை அளவில் ஒரு சுருளைக் கண்டாள். அன்று சோறு வடிக்க மறந்துபோனாள்.

வெந்நீர் அடுப்பை மூட்டிவிட்டு வந்து அவரைக் கூப்பிட்டாள். தனிஸ்லாஸ் குனிந்து இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தோஷமென்று நினைத்தாள்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்ல மிசியே. நானாத்தான் போட்டேன்."

"வேற யாருக்காச்சும் குடுத்தியா?"

"இல்லீங்க. மூணுதான் பொழச்சுது. மூணும் ஒங்களுக்குத்தான்."

அவர் மூச்சு சமனுக்கு வந்தது.

"குளிக்கச் சுடுதண்ணி போட்டியே, கொதிச்சிடுச்சா?"

"கொதிக்குதுங்க."

"எடுத்துட்டு வா."

செம்போடு வந்தவளுக்குச் சட்டிகளைக் காட்டினார்.

"ஊத்து."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஊருக்கு ஒண்ணுன்னாத்தான் பெரணி, கன்னியம்மா. வீட்டுக்கு வீடு இருந்தா கீரை. ஊத்து."

முதல் சட்டியிலிருந்து வெந்த கீரையின் வாசனை எழுந்தது. இரண்டாவதில் கன்று உடனே படுத்துவிட்டது. அதோடு செம்பு காலி.

"உள்ள இன்னும் இருக்குமே" என்றார்.

அடுப்படியில் அண்டாவுக்குள் செம்பை அமிழ்த்தும்போது ஆவி அவள் முகத்தில் அடித்தது. விலகாமல் நின்றாள். வெளியே வெயில் கிணற்றடிக்கு ஏறியிருந்தது. தனிஸ்லாஸ் மூன்றாவது சட்டியின்மேல் வெயில் படாதபடி, அதைத் தன் நிழலுக்குள் நகர்த்திவைத்துக்கொண்டு காத்திருந்தார்.