பூனைக்காது கல்லும் மியெனின் இறால்களும்

கண்ணாடித் தொட்டித் தண்ணீருக்குள் செடியும் கல்லும் வைத்து அழகு பார்ப்பவர்களின் ஹனோய் செடித்தொட்டிச் சங்கத்தில் துவானுக்கு ஒரு பதவி உண்டு. கல் பரிசோதகர். ஞாயிற்றுக்கிழமையானால் ஆளுக்கொரு கல்லைத் தூக்கிக்கொண்டு அவன் மனைவி மியெனின் நண்டு நூடுல்ஸ் கடைக்கு வந்துவிடுவார்கள். துவான் முகத்தைப் பெரிய டாக்டர் போல வைத்துக்கொண்டு கல்லின் மேல் எலுமிச்சை பிழிவான். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், தண்ணீரைக் கடினமாக்கிவிடும், வீட்டுக்கு எடுத்துப் போ. நுரைக்காவிட்டால் தொட்டிக்குள் வைக்கலாம். எலுமிச்சை மட்டும் மியென் கடையுடையது.

"கல்லுக்கு ஊத்துற எலுமிச்சைல நாப்பது கிண்ணம் ஓட்டிருவேன்யா," என்பாள் அவள்.

வீட்டுத் தொட்டியில் கல்லும் செடியும் அவனுடையவை. இறால்கள் அவளுடையவை. சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட, விரல் நகம் அளவு இறால்கள். பதினொன்றில் ஆரம்பித்து ஆறு வருஷத்தில் நூற்றிருபது ஆக்கியிருந்தாள். மென்மையான தண்ணீர் இல்லாவிட்டால் அதுகளுக்கு ஓடு கழலாது, பாதி கழன்ற ஓட்டிலேயே மாட்டிச் செத்துப்போகும்.

சங்கத்தின் அழகுத் தொட்டிப் போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது துவான் ஒரு பூனைக்காது கல்லைக் கொண்டுவந்தான். சாம்பல் நிறம், கூர்கூராக, மலையையே கிள்ளி எடுத்தது மாதிரி.

"பிழிஞ்சு பாத்தியா?"

"நான் பாக்காம வேற எவன் பாப்பான்?"

"நுரைச்சுதா?"

"ஒரு குமிழி இல்ல."

மூன்றாம் வாரம் இறால்கள் சாக ஆரம்பித்தன. மியென் கண்ணில் பட்டது பத்தொன்பது. துவான் யோசிக்கவே இல்லை. "மிளகாய் எண்ணெய்க் கையை உள்ள விட்டா சாகாம என்ன செய்யும்? கையைக் கழுவிட்டு வா" என்றான். அவளும் நம்பித் தொலைத்தாள், பாவம். தொட்டிப் பக்கம் போகுமுன் கையைத் தேய்த்துத் தேய்த்துத் தோலே உரிந்தது.

போட்டிக்கு முந்தின மதியம் கடையைக் கட்டிவிட்டு, தண்ணீரைக் குப்பியில் பிடித்து, கடினம் அளக்கும் மருந்தைச் சொட்டினாள். முன்பெல்லாம் நாலாவது சொட்டில் நிறம் மாறும். இப்போது பதினாலு சொட்டு கேட்டது. செடிக்காக அவன் விடும் கரியமில வாயு சுண்ணாம்புக் கல்லை இன்னும் வேகமாகக் கரைக்கும் என்பது சங்கத்தில் குழந்தைக்கும் தெரியும். துவான் வருமுன் மியென் அகப்பட்ட இறால்களை வலையால் அள்ளி வாளியில் விட்டு, மென்மையான தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கினாள். முப்பத்தெட்டு தேறின. மிச்சமெல்லாம் கல்லுக்குப் பின்னால் பதுங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் சங்கத் தலைவர் ஆட்களோடு வந்தார். தொட்டியைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், தாடையைத் தடவினார்.

"அழகுதான் தம்பி. ஆனா பூனைக்காது மாதிரி தெரியுதே, அது சுண்ணாம்புக் கல்லாச்சே?"

"பிழிஞ்சு பாத்தாச்சுண்ணே."

"எங்க முன்னாடியும் ஒரு தடவை பிழியட்டுமே," என்று மியென் அரை எலுமிச்சையைத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள்.

கல்லின் உச்சி தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. துவான் பிழிந்தான். சொர்ரென்று பொங்கியது. சங்கமே சிரித்தது. "வேலியே பயிரை மேஞ்சிருச்சுடா" என்றான் ஒருவன்.

தலைவருக்கே பரிதாபமாகிவிட்டது. "வித்தவன் ஏமாத்திட்டானா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான்.

"இல்லண்ணே. மொத நாளே நுரைச்சுது. அழகா இருந்துச்சு, மனசு வரல."

வந்தவர்கள் கலைந்து போனார்கள். பதவியும் போயிற்று. மியெனுக்கு அதில் கொஞ்சம் குளிர்ச்சிகூட. வாளியைத் தூக்கி வந்து வைத்தாள்.

"முப்பத்தெட்டு இங்க இருக்கு. பத்தொம்பது செத்துச்சு. மிச்சம் பின்னாடிதான் இருக்கும், கல்லைத் தூக்கு."

துவான் தூக்கவில்லை.

"பின்னாடி ஒண்ணும் இல்ல மியென். தெனம் நீ சந்தைக்குப் போனதும் நான்தான் செத்ததைப் பொறுக்கி எடுத்துப் போட்டேன். அறுபத்து மூணு."

மியென் வாளியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"அதைப் பொறுக்கிட்டுதான் என்னைக் கை கழுவச் சொன்னியா?"