பிரசவ ஆஸ்பத்திரியின் இனிஷியல்

அந்த ஊரில் கட்டடங்களுக்கும் இனிஷியல் உண்டு. இனிஷியல் இல்லாத கட்டடத்துக்குத் தண்ணீர் இணைப்பு கிடையாது, தபால் வராது, தேர்தலில் ஓட்டும் இல்லை. சந்தை வளாகத்துக்கு இனிஷியல் கு. நூலகம் வயதில் மூத்தது என்பதால் அதற்கு மட்டும் இரண்டு. பெண்கள் பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஆ. அது ஆராவமுதனின் ஆ.

ஆராவமுதன் பெரிய ஆர்க்கிடெக்ட். காலமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. அந்த ஆஸ்பத்திரிக்காக அவர் செய்தது ஒன்றே ஒன்று. முகப்பில் ஒரு வளைவு இருக்கட்டும் என்று சொன்னார். அதையும் எஞ்சினியர் அடித்துவிட்டார். மற்றதையெல்லாம் வரைந்தது அவர் ஆபீஸில் வேலை பார்த்த செண்பகவல்லி. அப்போது அவளுக்கு வயது இருபத்தெட்டு. இப்போது ஐம்பத்தொன்பது.

இந்த வருஷம் சட்டம் மாறியது. கட்டடங்கள் தாயின் இனிஷியலையும் வைத்துக்கொள்ளலாம். கட்டடக் கலையில் சாதித்த பெண்களைச் சனிக்கிழமை டவுன்ஹாலில் கௌரவிக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. பட்டியலில் செண்பகவல்லியின் பெயர் இருந்தது. பக்கத்தில் பென்சிலால், 'கட்டடம் ஒப்புக்கொண்டால்' என்று எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பத்தொரு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தவளுக்கு அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்ததும் அழுகை வந்தது. அழுது முடித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரியைக் கூட்டிவரப் போனாள்.

ஆஸ்பத்திரி தன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.

"பதிவு ஆபீஸ் வரைக்கும் வரணும்" என்றாள்.

"உள்ள நாலு பேருக்கு வலி வந்திருக்கு."

"ஆடாம அசங்காம கூட்டிட்டுப் போறேன்."

"நீங்க யாரு?"

செண்பகவல்லிக்குச் சுருக்கென்றது. "ஆபீஸ்ல சொல்றேன்" என்றாள்.

பதினாலாம் நம்பர் பஸ்ஸில் ஏறினார்கள். ஆஸ்பத்திரி பெண்கள் சீட்டில் உட்காரலாமா என்று கண்டக்டருக்குச் சந்தேகம் வந்தது. உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் பெண்கள்தான் என்றாள் செண்பகவல்லி. டியூட்டி டாக்டர் ஆம்பளை என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் போட்டுக்கொடுத்தார். ஆகவே ஆஸ்பத்திரி நின்றுகொண்டே வந்தது. தபால் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை பிறந்தது. அதற்கு டிக்கெட் வேண்டாம் என்று கண்டக்டர் பெருந்தன்மையாகச் சொன்னார்.

பதிவு அலுவலகத்தின் தாழ்வாரம் காத்திருப்பவர்களைப் பொறுத்து நீளும். அன்றைக்கு ஒரு ஆஸ்பத்திரியே காத்திருந்ததால் அடுத்த தெரு வரைக்கும் போயிற்று. சுவர்க் கடிகாரம் மெடிக்கல் லீவில் இருந்தது. அதன் இடத்தில் தபேதார் பிச்சையா பொறுப்புக் கடிகாரமாக ஸ்டூல் மேல் ஏறி, இரண்டு கைகளையும் நீட்டி நின்றார். மணி மூன்றே கால்.

சூப்பிரண்டு சூசைராஜ் தலையை நிமிர்த்தவில்லை.

"நீங்க இருக்கீங்கன்றதுக்கு ஃபாரம் குடுத்தாச்சா மேடம்?"

"காலையிலேயே குடுத்துட்டேன் சார்."

"சரி. இந்தக் கட்டடத்துக்குத் தாய் நீங்கதான்றதுக்கு என்ன ஆதாரம்?"

"ஜன்னல் இருக்கு" என்றாள்.

இந்தப் பதிலை அவள் பல வருஷமாகத் தயாராக வைத்திருந்தாள். மற்ற ஆஸ்பத்திரிகளில் வார்டு ஜன்னல் மூன்றடி உயரத்தில் ஆரம்பிக்கும். இதில் ஒன்றரை அடி. கட்டிலில் படுத்திருப்பவளுக்கு வெளியே இருக்கும் புங்கமரம் தெரிய வேண்டும். அதற்காக எஞ்சினியரோடு ஐந்து வாரம் மல்லுக்கட்டி இறக்கியது செண்பகவல்லி. ஆராவமுதன் அந்த ஜன்னலைப் பற்றி மூன்று ஊர்களில் பேசிக் கைதட்டல் வாங்கினார். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து தானும் தட்டினாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உள்ளங்கை எரியும்.

சூசைராஜ் ஆஸ்பத்திரியைப் பார்த்தார். "ஜன்னலை இறக்கினது யாரு?"

"இருளாயி" என்றது ஆஸ்பத்திரி.

"யாரு அது?"

"சித்தாள் சார். எனக்குக் கலவை சுமந்தவங்க. அப்ப அவங்களுக்கு ஏழு மாசம். ஒரு மத்தியானம் வார்டு வர்ற இடத்துல சாக்கை விரிச்சுப் படுத்தாங்க. சுவர் மூணடி ஏறியிருந்துச்சு. 'படுத்தா ஒண்ணுமே தெரியலையே, கெணத்துக்குள்ள கெடக்குற மாதிரில இருக்கு'ன்னாங்க. அஞ்சு வாரம் கழிச்சு ஆறு வரிசை செங்கலைப் பிரிச்சாங்க."

ஆஸ்பத்திரிக்குள் யாரோ யாரையோ முக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

செண்பகவல்லிக்கு ஞாபகம் வந்தது. அன்று அவள் அந்தச் சுவருக்கு வெளியே ரோட்டோரத்தில்தான் வரைபடச் சுருளோடு நின்றிருந்தாள். அந்தப் பேச்சு காதில் விழுந்தது. சாயங்காலமே போய் ஜன்னலைத் திருத்தி வரைந்தாள். பிறகு அந்தக் கதையைப் பலரிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லச் சொல்ல முதலில் சாக்கு போயிற்று, அப்புறம் படுத்திருந்தவள் போனாள், ஜன்னல் மட்டும் மிஞ்சியது. எப்போது போனார்கள் என்றுகூட அவளுக்குத் தெரியாது. திருடினாள் என்று சொல்ல முடியாது. ஆராவமுதன் திருடினார் என்றும் இதுவரை யாரும் சொன்னதில்லை.

"நாலு பத்து" என்றார் பிச்சையா.

"அப்ப தாய் பேரு இருளாயின்னு போட்டுரலாமா?" என்று கேட்டார் சூசைராஜ்.

"அவங்க மட்டும் இல்ல சார். நாப்பத்திரண்டு பேரு."

"ஃபாரத்துல தாய் பேருக்குப் பத்தி ஒண்ணுதான இருக்கு." சூசைராஜ் விதிகளைப் புரட்டினார். நாலு பக்கம் தள்ளி ஏதோ கிடைத்தது. விண்ணப்பத்தை செண்பகவல்லி பக்கம் நகர்த்தினார். "மனுதாரர் கைப்பட எழுதணும். அஞ்சு மணிக்குள்ள எழுதின பேரு வரைக்கும் செல்லும்."

"என் பேரை முதல்ல எழுதலாமா?"

"உங்க இஷ்டம் மேடம்."

அவள் பேனாவை எடுத்தாள். தன் பெயர் அந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை இருந்தது. கேட்டால் வெட்கக்கேடாக இருக்கும், ஆனால் இருந்தது. அவளைத் தடுக்க அங்கே ஒருவரும் இல்லை. சூசைராஜ் ஸ்டாம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி தன் தாழ்ந்த ஜன்னல்களோடு சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. யாராவது தடுத்திருந்தால் சண்டை போட்டு எழுதியிருப்பாள்.

இருளாயி என்று எழுதினாள்.

"அடுத்தது சொல்லு" என்றாள்.

மூக்கம்மா. ஒச்சம்மா. சகாயராணி. கான்கிரீட் காயாமல் ஏழு நாள் தண்ணீர் ஊற்றிய பொன்னுத்தாயி. இன்னொரு பொன்னுத்தாயி. மூன்றாவது படி ஒரு விரல்கடை உயரம் என்று சொல்லப்போய் மேஸ்திரியிடம் வசவு வாங்கிய நாகம்மாள். அந்தப் படி இன்னும் உயரமாகத்தான் இருக்கிறது என்றது ஆஸ்பத்திரி. எழுத எழுதப் பத்தி நீண்டது. மேஜையைத் தாண்டித் தரைக்கு இறங்கியது. சூசைராஜ் ஓரத்தில் பேப்பர்வெயிட்டை வைத்தார். செண்பகவல்லி முட்டி போட்டுக்கொண்டு எழுதினாள். பத்தி தாழ்வாரத்துக்குள் போயிற்று. அவளும் போனாள். பிச்சையா கையைக் கொஞ்சம் தாமதமாக நகர்த்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் வேலையில் கறாரான மனிதர்.

நாற்பத்திரண்டாவது பெயரை எழுதியபோது ஐந்துக்கு மூன்று நிமிஷம்.

"இன்னும் ஒருத்தங்க இருக்காங்க" என்றது ஆஸ்பத்திரி. "குடை பிடிச்சுக்கிட்டு ரோட்டுல நின்னு என்னையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. அவங்களைச் சாரத்துல ஏற விடமாட்டாங்க. சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் வந்து சுவரைத் தொட்டுப் பாப்பாங்க. பேரு தெரியாது. அவங்களை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல."

"பேரு தெரியாதவங்களை எழுத முடியாது" என்று உள்ளேயிருந்து சூசைராஜ் குரல் கொடுத்தார்.

"எனக்குத் தெரியும் சார்" என்றாள் செண்பகவல்லி.

எழுதினாள். செண்பகவல்லி என்பதில் கடைசி எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது.

"அஞ்சு" என்றார் பிச்சையா. இரண்டு கைகளையும் தொங்கப் போட்டுக்கொண்டு ஸ்டூலிலிருந்து இறங்கினார்.

சூசைராஜ் சான்றிதழைத் தயார் செய்தார். அதில் ஒரு வரிக்குத்தான் இடம் இருந்தது. 'தாய்: இருளாயி மற்றும் பலர்' என்று எழுதி ஸ்டாம்ப் அடித்தார். ஆஸ்பத்திரியின் இனிஷியல் அந்த நிமிஷத்திலிருந்து இ.

செண்பகவல்லி அதை வாங்கி இரண்டு தரம் படித்தாள். பலரில் ஒருத்தியாக இருப்பது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் அப்போது கோபப்பட ஆராவமுதன் இருந்தார். இப்போது யார் மேல் கோபப்படுவது என்று தேடிப் பார்த்தாள். ஒருவரும் அகப்படவில்லை. வலித்தது. ஆனாலும் தாள் அவள் கையில் லேசாக இருந்தது.

"சனிக்கிழமை மேடையில இதை யாரு வாங்குறது?"

"முதல் பேருக்காரங்க நேர்ல வரணும். ஆளை அடையாளம் காட்டிக் கூட்டிட்டு வர்றது உங்க பொறுப்பு மேடம்."

அவள் மெதுவாகச் சொன்னாள்.

"சார், எனக்கு அவங்க முகம் ஞாபகம் இல்ல. அன்னிக்கு நான் சுவரைத்தான் பாத்தேன்."

சூசைராஜிடம் இதற்கு ஃபாரம் எதுவும் இல்லை.

"எனக்குத் தெரியும்" என்றது ஆஸ்பத்திரி. "பைபாஸ்ல ஒரு கல்யாண மண்டபம் எழும்புது. அங்கதான் இன்னமும் சுமக்குறாங்க. வாங்க, நடந்தே போயிரலாம்."

அது முன்னால் நடந்தது. செண்பகவல்லி பின்னால் போனாள். முகம் இல்லாமல் போனது போல இருளாயியின் பெயரும் போய்விடக் கூடாதே என்று வழியெல்லாம் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனாள்.